பட்டியலைக் குடிப்பவர்கள்

முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகைத் தலைப்பு எழுதிப் பிழைப்பவன் நான். ஆகையால் ‘உலகின் தலைசிறந்த’ என்ற அடைமொழியைக் கண்டதுமே எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

2005 இல் ஓர் இணையத்தளம் அந்தப் பட்டத்தைப் பெல்ஜியத்தின் வெஸ்ட்விளெட்டரென் 12 என்ற பியருக்குச் சூட்டியது. சிந்த் சிக்ஸ்துஸ் மடத்து ட்ரப்பிஸ்ட் துறவிகள் காய்ச்சும் கருநிற ஏல் அது, மதுசாரம் 10.2 வீதம். பட்டம் கிடைத்ததும் மடத்து வாசலில் வாகனங்கள் வரிசை கட்டின. துறவிகளோ உற்பத்தியைப் பெருக்க மறுத்தார்கள்; மடம் வாழப் போதுமான அளவே காய்ச்சுவது அவர்கள் கொள்கை. மறுவிற்பனை செய்யவேண்டாமென வாங்குவோரைக் கேட்டும் கொண்டார்கள். யார் கேட்டார்கள்? 2018 இல் நெதர்லாந்துப் பேரங்காடியொன்று, மடத்தில் ஏறத்தாழ 2 யூரோ பெறும் போத்தலைப் பத்து யூரோவரை விலைவைத்து விற்றது.

இத்தனை ஆரவாரமும் சுவைக்காகத்தானா? அருகிலுள்ள வாட்டூ கிராமத்து ஆலையொன்று 1946 முதல் 1992 வரை அந்த மடத்தின் அனுமதியுடன் அதன் பெயரிலேயே பியர் காய்ச்சி விற்றது. அனுமதி முடிந்தபின் அந்த மரபில் அது தருவதுதான் சிந்த் பெர்னார்துஸ் அப்ட் 12. மதுசாரம் 10 வீதம். கடைகளில் தாராளமாகக் கிடைப்பதாலேயே பட்டியல் பிரியர்கள் அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

அன்ட்வெர்ப்பில் வாழும் என் பால்ய நண்பன் மடத்துப் போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து, முதலில் படம் பிடித்தான். இரண்டு பியரையும் நான் குசினிக்குள் கொண்டுபோய், ஒரேமாதிரிக் கிண்ணங்களில் ஊற்றி வந்து வைத்தேன். “மச்சான், இதுதான் சாமிமாற்ற சாமான்!” என்று அவன் உறுதியாகத் தொட்டுக் காட்டியது அப்ட் 12 ஐ. அவனைக் குறைசொல்ல மாட்டேன். ஊற்றியவன் நானென்பதால் நான் தப்பினேன், அவ்வளவுதான்.

பட்டியல் ஓர் அறிமுகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அறிமுகத்தோடு நின்றுவிடுபவன் எதையும் ருசிப்பதில்லை. கடுங்குளிரில் இந்த ஏல்களின் மணம் மடிந்துபோகும். 12 முதல் 14 பாகை வெப்பநிலையில் அகன்ற வாய்க் கிண்ணத்தில் மெல்ல ஊற்றவேண்டும். அடியில் தங்கிய மதுவத்தைப் போத்தலிலேயே விட்டுவிடலாம். பிறகு முகர்ந்து பாருங்கள்: உலர்ந்த திராட்சை, அத்திப்பழம், காய்ச்சிய சீனி. ஸ்டவுட்டில் வறுத்த தானியம் தரும் கருகற் கசப்பு இதில் இல்லை. இங்கே கருமை பெரும்பாலும் காய்ச்சிக் கறுத்த சீனிப்பாகிலிருந்து வருகிறது, பழமணத்தை மதுவம் தருகிறது. சாதாரண 5 வீதப் பியரின் இருமடங்கு மதுசாரம் இதிலுண்டு. ஒரு போத்தல் இருவருக்குப் போதும்.

2016 இல் யுனெஸ்கோ மரபுரிமையாக ஏற்றது பெல்ஜியத்தின் பியர்ப் பண்பாட்டை, எந்தவொரு போத்தலையுமல்ல. நண்பர்களே, அடுத்தமுறை பட்டியலைப் பார்க்குமுன் கிண்ணத்தைப் பாருங்கள். உங்கள் நாக்குச் சொல்லட்டும். நாக்குப் பிழைத்தாலும் அந்தப் பிழை உங்களுடையதாகவாவது இருக்கும்.