விட்ட மீனும் கணக்கில் உண்டு

அக்டோபர் பிறந்து தண்ணீர் குளிரத் தொடங்கியதும், மாசசூசெட்ஸ் பக்கம் கோடையைக் கழித்த ஸ்ட்ரைப்ட் பாஸ் மீன்கள் அமெரிக்காவின் கிழக்குக் கரையோரமாகத் தெற்கே இறங்குகின்றன. வெள்ளி உடம்பில் செவுளிலிருந்து வால்வரை ஏழெட்டுக் கருங்கோடுகள் ஓடும் மீன் இது. நம் கொடுவாவைப் போல இதற்கும் ஆறு, கடல் இரண்டும் வேண்டும். கொடுவா முட்டையிடக் கடலைத் தேடும், இது வசந்தத்தில் ஆற்றுக்கு ஏறும். இலையுதிர்காலத்தில் கழிமுகங்களை விட்டு வெளியேறும் மடவைக் குஞ்சுகளையும், மத்தி இனத்தைச் சேர்ந்த மென்ஹேடன் குஞ்சுகளையும் துரத்திக்கொண்டு கரைக்கு மிக அருகில் வந்துவிடுவதால், இதைப் பிடிக்கப் படகு தேவையில்லை. லாங் ஐலண்டிலும் நியூஜெர்சியிலும் படகுத்துறை விளக்கின் கீழே, இரவெல்லாம் தனி ஆளாகத் தூண்டில் போடுகிறவர்களைப் பார்க்கலாம். நியூயார்க் மாநிலத்தில் இதற்குக் கட்டணமில்லாப் பதிவு ஒன்று போதும். எளியவர்களுக்கும் எட்டும் நல்ல பொழுதுபோக்கு. அது நீடிக்க வேண்டும் என்பதால்தான் இந்தக் கட்டுரை. அந்தத் தனி ஆள்களில் பலர் உறுதியாக நம்பும் ஒன்று உண்டு: ‘பிடித்ததைத் திரும்ப விட்டுவிடுகிறேன், என்னால் கடலுக்கு நஷ்டமில்லை.’ அந்த நம்பிக்கை தவறு.

இந்த மீனைக் கண்காணிக்கும் அட்லாண்டிக் மாநிலங்களின் கடல் மீன்வள ஆணையம், விடப்படும் மீன்களில் சராசரியாக 9 சதவீதம் பிறகு செத்துப்போகின்றன என்ற கணக்கை வைத்துக்கொண்டுதான் இருப்பை மதிப்பிடுகிறது. நூற்றுக்கு ஒன்பதுதானே என்று தோன்றும். 2017இல் பொழுதுபோக்குத் தூண்டில்காரர்கள் பிடித்து விட்ட மீன்கள் ஏறக்குறைய 3.8 கோடி. அதில் ஒன்பது சதவீதம் என்றால் 34 லட்சம். அந்த ஆண்டு மனிதர் கையால் மடிந்த ஸ்ட்ரைப்ட் பாஸ் மொத்தமே சுமார் 70 லட்சம்தான். வீட்டுக்கு எடுத்துப்போன மீனைவிட, விட்ட பிறகு செத்த மீன் அதிகம். சமைத்துத் தின்றவர்களைக் காட்டிலும் கருணையோடு தண்ணீரில் விட்டவர்களால் அதிக உயிர் போயிருக்கிறது என்ற இந்தக் கணக்கு மனத்தை உறுத்த வேண்டும். இந்த மீனுக்கு ஏற்கெனவே ஒரு கண்டம் வந்து போயிருக்கிறது. 1980களில் இனமே ஒடுங்கி, மேரிலாந்து மாநிலம் 1985 முதல் ஐந்தாண்டுகள் பிடிப்பதையே நிறுத்தி, 1995இல்தான் மீண்டுவிட்டது என்று அறிவித்தார்கள். 2019இல் வெளியான மதிப்பீடு, இருப்பு மறுபடியும் அபாயக் கோட்டுக்குக் கீழே போய்விட்டதைக் காட்டியது.

விட்ட மீன் ஏன் சாகிறது என்பதைத் துறையின் விளிம்பில் நின்று பார்த்தால் புரியும். இரை கோத்த சாதாரண முள்ளை மீன் விழுங்கியதும் தூண்டில்காரர் வெடுக்கென்று இழுக்கிறார். முள் குடலிலோ செவுளிலோ தைக்கிறது. இதற்கு மாற்று வட்ட முள். அதன் நுனி உள்நோக்கி வளைந்திருக்கும். விழுங்கிய மீன் திரும்பி நகரும்போது முள் தொண்டையிலிருந்து வழுக்கி வந்து கடைவாயில் மாட்டிக்கொள்ளும். இழுக்கக்கூடாது, தூண்டில் நரம்பு தானாக விறைக்கும்வரை பொறுக்க வேண்டும். பழக்கத்தை மாற்றுவது கஷ்டம்தான், ஆனால் மீன் பிழைக்கும். இந்த மீனுக்கு இரை போடுகிறவர்கள் வட்ட முள்ளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று 2021 முதல் விதி வந்தது அதனால்தான். படகுத்துறையில் இன்னொரு சிக்கலும் உண்டு. தண்ணீர் மட்டம் ஏழெட்டு அடி கீழே இருக்கும். பத்துக் கிலோ மீனை நரம்பிலேயே தொங்கவிட்டுத் தூக்கினால் அதன் முழு எடையும் தாடையில் விழுகிறது. மேலே வந்ததும் காய்ந்த பலகையில் துள்ளித் துடித்து, உடம்பைக் காக்கும் வழவழப்பை இழக்கிறது. கூட ஒருவர் இருந்தால் வலையைப் பிடிப்பார். தனி ஆள் ஒரு கையில் கம்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் இடுக்கியைத் தேடி, அளந்து, படமும் எடுத்து முடிப்பதற்குள் மீன் காற்றில் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறது.

‘ஒரு ஆள், ஒரு தூண்டில், பெரிய படகுகளை விட்டுவிட்டு எங்களைச் சொல்வானேன்?’ என்று கேட்பார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. மென்ஹேடனை எண்ணெய்க்கும் தீவனத்துக்கும் பெருவலையால் அள்ளும் தொழில் இந்த மீனின் சாப்பாட்டில் கைவைக்கிறது, அதைத் தட்டிக்கேட்கத்தான் வேண்டும். ஆனால் 2017இல் ஸ்ட்ரைப்ட் பாஸின் சாவில் தொழில்முறை மீனவர்களின் பங்கு பத்தில் ஒன்றுதான். மீதி ஒன்பதும் தூண்டில்காரர்கள் கணக்கில் வருகிறது. இன்னொரு வாதம், இலையுதிர்காலத்தில் நீர் குளிர்ந்திருப்பதால் மீன் சாகாது என்பது. பாதி உண்மை. குளிர்ந்த, உப்பான நீரில் விட்ட மீன் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். கோடையின் உச்சத்தில் மேரிலாந்து சில நாள்கள் இம்மீனுக்குத் தூண்டிலே போடக்கூடாது என்று தடை விதித்ததும் அதனால்தான். ஆனால் குடலில் தைத்த முள்ளைக் குளிர்நீர் ஆற்றிவிடாது. எனக்குக் கனமாகப் படும் ஆட்சேபம் வேறு. துறையில் நிற்கிறவர்களில் குழம்புக்கு மீன் தேடி வந்தவரும் உண்டு. ஒரு நாளுக்கு ஒரு மீன், அதுவும் 28 முதல் 31 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்பது 2023இல் கடல் பகுதிக்கு வந்த விதி. 2015இல் பிறந்த பெருங்கூட்டம் முட்டையிட மிஞ்ச வேண்டும் என்று கொண்டுவந்தது. 33 அங்குல மீனை அவர் திரும்ப விடத்தான் வேண்டும். அந்த இழப்பு நிஜமானது, அதை மழுப்பக்கூடாது. அதனாலேயே கூடுதல் கட்டுப்பாடு விளையாட்டுக்காக வருகிறவரிடமிருந்து தொடங்க வேண்டும் என்கிறேன். ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர் கொல்வது ஒரு மீனை; ஒரே இரவில் இருபதைப் பிடித்து இருபதையும் விடுகிறவர் சராசரிக் கணக்கில் ஏறக்குறைய இரண்டு மீன்களைக் கொல்கிறார். பொழுதுபோக்குக்கு வந்தவர் மூன்று நான்கோடு தூண்டிலைச் சுருட்டுவது நியாயம்.

இதைத் தனி மனிதரின் மனச்சாட்சிக்கு மட்டும் விட்டுவிட முடியாது. நள்ளிரவில் அளவுகோலோடு எந்த அதிகாரியும் அங்கே நிற்பதில்லை. துறைகளைப் பராமரிக்கும் ஊராட்சிகள் செய்யக்கூடியது உண்டு. உயிர்காக்கும் வளையத்தைக் கம்பத்தில் தொங்கவிட்டிருப்பதுபோல, கயிற்றில் இறக்கும் வளைய வலை ஒன்றையும் பக்கத்திலேயே தொங்கவிடலாம். கைப்பிடிச் சட்டத்தில் 28, 31 என்று இரண்டு கோடுகளை அழியாத வண்ணத்தில் போடலாம். நனைத்த கையால் முள்ளைக் கழற்றி, அதே வலையில் வைத்து மீனைக் கீழே இறக்கினால், எட்டடி உயரத்திலிருந்து அதை வீச வேண்டியதில்லை; நீர் பட்டதும் செவுள் இரண்டு முறை விரிந்து மூடும், பிறகு வாலை ஒரு சுழற்றுச் சுழற்றி விளக்கு வெளிச்சத்துக்கு வெளியே போய்விடும்.