மூன்று மொழி வீட்டுக்கு ஒரு பேசாப் படம்

கிருஷ்ணகிரியிலிருந்து வடக்கே சென்றால் வேப்பனப்பள்ளி. அதற்கப்பால் சிறிது தொலைவிலேயே தமிழகம் முடிந்துவிடுகிறது. வடக்கே கர்நாடகம், கிழக்கே ஆந்திரம். தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்றுமே இப்பக்கத்தில் வீட்டு மொழிகள். பாட்டி தெலுங்கில் அதட்டுவார். பேரன் தமிழில் மறுமொழி சொல்வான். மருமகள் பங்காருப்பேட்டைப் பக்கத்துப் பெண்ணாயின் அடுக்களையில் கன்னடமும் ஒலிக்கும். இப்படிப்பட்ட குடும்பம் ஒன்று சேர்ந்து படம் பார்க்கப் புறப்பட்டால் எந்த மொழிப் படத்திற்குப் போவது? யாரேனும் ஒருவர் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் உட்கார்ந்திருக்கத்தானே வேண்டும்?

1987-இல் வந்த ஒரு படம் இந்தச் சிக்கலை எளிதாக அவிழ்த்தது. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்க, கமல்ஹாசன் வேலையற்ற பட்டதாரியாக நடித்த அப்படத்தில், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு வசனம்கூட இல்லை. பெங்களூரில் எடுக்கப்பட்ட படம் அது. கன்னடத்தில் ‘புஷ்பக விமான’, தெலுங்கில் ‘புஷ்பக விமானம்’, தமிழில் ‘பேசும் படம்’. பேசாத படத்திற்கு இப்பெயர் வைத்தவரின் குறும்பை நாம் இன்றும் இரசிக்கிறோம். பெயரைத் தவிர எல்லையின் எப்பக்கத்திலும் மாற்ற வேண்டியது ஒன்றுமில்லை. எல்லாரும் ஒரே இடத்தில் சிரித்தனர். நல்ல பொழுதுபோக்குப் படத்திற்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது.

இது புதுமை என்று பலர் வியந்தனர். உண்மையில் சினிமா பிறந்தபோதே இப்படித்தான் இருந்தது. நம் நாட்டில் அதை ஊர் ஊராகச் சுமந்து சென்றவர்களுள் முதன்மையானவர் ஒரு தமிழ்க் கிறிஸ்தவர் என்பது நம் குடும்பங்கள் பலவற்றிற்குத் தெரியாது. கோயமுத்தூரைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட் திருச்சிராப்பள்ளியில் இரயில்வே ஊழியராக இருந்தவர். 1905-இல் து பாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் படங்காட்டிக்கொண்டு வந்து, நோயுற்று, ஊர் திரும்ப விரும்பினார். அவருடைய கருவியையும் படச்சுருள்களையும் வின்சென்ட் விலைக்கு வாங்கினார். ரூபாய் 2,000-க்கு மேற்பட்ட தொகை. அக்காலத்தில் ஓர் ஊழியருக்கு அது எத்தகைய துணிச்சல் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். அச்சுருள்களுள் முக்கியமானது இயேசுவின் வாழ்க்கையைக் காட்டும் படம். வேலையை விட்டுவிட்டு, கூடாரத்தோடு அவர் சென்னைக்கும், பம்பாய்க்கும், இலாகூருக்கும், பெஷாவர் வரைக்கும் சென்றார். தமிழ் ஒரு சொல்லும் அறியாத ஊர்களில் ஒரு தமிழர் எப்படிப் படம் காட்டிப் பிழைத்தார்? படம் பேசவில்லை, அதனால் பிழைத்தார். 1914-இல் கோயமுத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரக் கொட்டகையைக் கட்டினார். பின்னர் அது டிலைட் என்ற பெயரில் நெடுங்காலம் நடந்தது. கொட்டகையின் பழைய பெயரை வெரைட்டி ஹால் சாலை இன்றும் தாங்கி நிற்கிறது.

இயேசுவைப் பற்றிய மற்றொரு மௌனப் படத்தை 1911 வாக்கில் பம்பாயில் கண்ட தாதாசாகிப் பால்கே, நம் நாட்டுத் தெய்வங்களையும் இவ்வாறு திரையில் காட்டலாகாதா என்று எண்ணினார். 1913-இல் வெளிவந்த ‘ராஜா ஹரிச்சந்திரா’ அந்த எண்ணத்தின் பயனே.

நம்மவருள் சினிமா என்றாலே முகம் சுளித்த பெரியோர் இருந்தனர், காரணமில்லாமலும் அல்ல. ஆயினும் சினிமாவுக்கு நூறாண்டு நிறைந்த 1995-இல் வத்திக்கான் 45 சிறந்த படங்களைத் தேர்ந்து ஒரு பட்டியல் வெளியிட்டது. பாத்தே நிறுவனம் 1902 முதல் 1905 வரை எடுத்த இயேசுவின் வாழ்வும் பாடுகளும் பற்றிய மௌனப் படம் அதில் உண்டு. 1928-இல் டிரையர் எடுத்த புனித ஜோன் ஆஃப் ஆர்க் படமும், சாப்ளினின் ‘மாடர்ன் டைம்ஸ்’ படமும் உண்டு.

இவற்றுள் நம் பகுதிக்கு மிகப் பொருத்தமானது எதுவெனில், ‘மாடர்ன் டைம்ஸ்’ என்றே சொல்வோம். 1936-இல், ஏனைய படங்களெல்லாம் பேசத் தொடங்கிவிட்ட காலத்தில், சாப்ளின் பிடிவாதமாகப் பேசாமல் எடுத்த படம். ஓடும் பட்டையின்முன் நின்று நாள் முழுதும் திருகுகளை முறுக்கும் தொழிலாளி, வேலை நேரம் முடிந்த பின்னும் கைகள் நிற்காமல் முறுக்கிக்கொண்டே நடக்கிறான். ஓசூர் சிப்காட்டில் இரவுப் பணி முடித்து வரும் மகனைப் பெற்ற தாய்க்கு இக்காட்சியை எவரும் விளக்க வேண்டியதில்லை. படத்தின் இறுதிப் பகுதியில் சாப்ளினின் குரல் முதன்முதலாகத் திரையில் ஒலிக்கிறது. பாடுகிறார், ஆனால் பாட்டின் சொற்கள் எம்மொழியிலும் இல்லாத வெறும் உளறல். கைகளும் கண்களுமே கதையைச் சொல்லிவிடுகின்றன. மூன்று மொழிக்காரரும் அங்கே சமம்.

நம் தென்னாட்டு மௌனப் படங்களைக் காண்போமென்றால் வருத்தமே மிஞ்சும். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த முதற்படமான ‘கீசக வதம்’ ஓர் அடிகூட எஞ்சவில்லை. எளிதில் தீப்பற்றும் சுருள். வெப்பத்தில் தானாகவே மட்கும். பேசும் படம் வந்தபின் அதைக் காக்க எவருக்கும் அக்கறையுமில்லை. திருவாங்கூர்க் கதையான ‘மார்த்தாண்ட வர்மா’ ஒன்று பிற்காலத்தில் கண்டெடுக்கப்பட்டுப் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் சேர்ந்தது.

மறைந்தவை படச்சுருள்கள் மட்டுமல்ல. மணலைக் குவித்து அமர்ந்த தரை டிக்கெட்டும், சுருள் மாற்றும்போதெல்லாம் விளக்கேற்றி முறுக்கு விற்ற டூரிங் கொட்டகையும் நம் கிராமங்களிலிருந்து போய்விட்டன. இன்று மேற்கூறிய அந்த வீட்டில் பாட்டி தெலுங்குத் தொடரைத் தொலைக்காட்சியில் பார்க்கிறார். மருமகள் கன்னடப் படத்தைக் கைப்பேசியில் பார்க்கிறார். பேரன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு மூலையில் கிடக்கிறான். மொழிச் சிக்கல் தீர்ந்துவிட்டது. ஆனால் ஒருவர் சிரிப்பது மற்றவருக்குக் கேட்பதில்லை.

பங்கு மன்றங்களில் வெள்ளைத்திரையும் படவீழ்த்தியும் இப்போது அரிதல்ல. ஆண்டுக்கு இரண்டு மாலைகளாவது பழைய பேசாப் படத்தை அங்கே காட்டலாமே என்பது நம் கோரிக்கை. பக்கத்து நகரத் திரையரங்கு ஒன்று ஒரு காலைக் காட்சியை ஒதுக்க முன்வந்தால் இன்னும் நன்று. நம் நாட்டுச் சட்டப்படி திரைப்படத்தின் பதிப்புரிமை வெளியான ஆண்டிற்குப் பின் 60 ஆண்டுகள் வரையே. சாப்ளினின் பழைய படங்கள் அந்த வரம்பைக் கடந்தவை. ‘பேசும் படம்’ கடக்கவில்லை, ஆகவே உரியவரிடம் இசைவு பெற்றே காட்ட வேண்டும்.

காட்டுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மௌனப் படங்கள் பல நொடிக்குப் பதினாறு, பதினெட்டுப் படங்கள் என்ற அளவில் எடுக்கப்பட்டவை. பேசும் படத்தின் கணக்கில் 24 ஆக ஓட்டினால் மனிதர் கோழிபோல் ஓடுவர். பாடுகளின் காட்சியும் கேலிக்கூத்தாகிவிடும். வேகம் திருத்திய பிரதியைத் தேடி எடுங்கள். அக்காலத்தில் திரையருகே ஆர்மோனியமும் தபேலாவும் ஒலிக்கும். கதையை உரக்கச் சொல்ல ஒருவரும் நிற்பார். நம் பாடகர் குழுவிடம் ஆர்மோனியத்திற்குப் பஞ்சமில்லை. இடையிடையே வரும் எழுத்து அட்டைகளைத் தமிழில் வாசிக்க ஒருவர், தெலுங்கில் சொல்ல ஒருவர், கன்னடத்திற்கு அந்த மருமகளையே அழைக்கலாம்.