பெருந்தொற்றுக்குப் பின் தொழில் மீட்சி: உங்கள் உடல்நலத்தின் பங்கு என்ன?

2020 மார்ச் 25 அன்று நாடு தழுவிய ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. அதைத் தொடர்ந்த ஏப்ரல்-ஜூன் காலாண்டில் இந்தியாவின் மொத்த உள்நாட்டு உற்பத்தி, முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிடச் சுமார் 24 விழுக்காடு சுருங்கியது. 2021-22 நிதியாண்டில் அது பெருந்தொற்றுக்கு முந்தைய அளவை மீண்டும் எட்டியது. ஆயினும், ஒவ்வொரு குடும்பமும் அவ்வாறே மீண்டுவிட்டதாகக் கொள்வதற்கில்லை.

சிறுதொழில் எளிதில் தளர்வது ஏன்?

பெரிய நிறுவனத்தில் ஒருவர் நோயுற்றால் மற்றொருவர் அப்பணியைக் கவனிப்பார். தேநீர்க்கடை, தையற்கடை, தள்ளுவண்டி போன்றவற்றில் உரிமையாளரே தொழிலாளியும் ஆவார். அவர் படுத்த அன்றே வருமானம் நிற்கிறது; மருத்துவச் செலவு தொடங்குகிறது. சரக்கு வாங்க வைத்திருந்த பணம் சிகிச்சைக்குப் போய்விடுகிறது.

கடனுதவி மட்டும் போதுமா?

2020 ஜூனில் தொடங்கப்பட்ட பிஎம் ஸ்வநிதி திட்டம், தெருவோர வியாபாரிகளுக்கு முதற்கட்டமாக ரூ.10,000 வரை பிணையில்லாக் கடன் வழங்கியது. இத்தகைய உதவி கடையைத் திறக்கத் துணைபுரியும். ஆனால், தவணையைச் செலுத்த உழைக்கும் உடல் வேண்டும். "தொழில் நிலைபெற்ற பின் மருந்தைத் தொடர்கிறேன்" என்று கூறும் நீரிழிவு, உயர் இரத்த அழுத்த நோயாளிகளைப் புறநோயாளிகள் பிரிவில் காண்கிறோம். இந்தச் சிக்கனம் பக்கவாதத்திலோ சிறுநீரகச் செயலிழப்பிலோ முடியுமானால், கடை மூடப்படுவதோடு, உடனிருந்து பராமரிப்பவரின் வருமானமும் நின்றுவிடும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• மருந்தை இடையில் நிறுத்தாதீர்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் அவற்றை இல்லத்திலேயே பெறலாம்.

• ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்கு உட்பட்ட குடும்பமாயின், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையை நோய் வருமுன்னரே பெற்றுக்கொள்ளுங்கள்.

• கொரோனாவுக்குப் பின் சோர்வு, மூச்சுத்திணறல், மறதி நீடித்தால் மருத்துவரை அணுகுங்கள். வேலை நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். உழைத்த மறுநாள் சோர்வு மிகுந்தால் உடனே குறைத்துக்கொள்ளுங்கள்.

• பராமரிப்பாளர்களே, கொள்முதல், வரவு செலவு, கடன் தவணை ஆகிய விவரங்களைக் கேட்டறிந்து குறித்து வையுங்கள். நோயாளி ஓய்வெடுக்கும் நாட்களிலும் தொழில் நடைபெற அது உதவும்.

உங்கள் தொழிலுக்கு முதன்மையான மூலதனம் உங்கள் உடலே. மருந்துக்குச் செலவிடும் நேரம் தொழிலுக்கு இழப்பன்று. ஐயமிருப்பின் 104 என்ற மருத்துவ உதவி எண்ணை அழையுங்கள்.