எரியுமா, எரியாதா?

நெடுஞ்சாலையில் முன்னே போகும் பெட்ரோல் டேங்கரின் பின்புறம் ‘ஹைலி இன்ஃபிளேமபிள்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். வீட்டு அலமாரியில் இருக்கும் ஸ்பிரே டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் ‘ஃபிளேமபிள்’ என்றிருக்கும். இங்கிலீஷ் கிராமரை ஒழுங்காகப் படித்த பிள்ளைதான் இங்கே முதலில் தடுமாறும். ‘கரெக்ட்’ என்றால் சரி, ‘இன்கரெக்ட்’ என்றால் தவறு. ‘விசிபிள்’ என்றால் தெரிவது, ‘இன்விசிபிள்’ என்றால் தெரியாதது. அந்தக் கணக்குப்படி டேங்கரில் இருப்பது தீப்பிடிக்காத பொருளாக அல்லவா இருக்க வேண்டும்?

இரண்டு சொல்லுக்கும் ஒரே பொருள்தான்: எளிதில் தீப்பற்றக்கூடியது.

குழப்பத்தின் வேர் லத்தீனில் இருக்கிறது. அங்கே ‘இன்’ என்ற முன்னொட்டு இரண்டு உண்டு. ஒன்று இல்லை என்று மறுப்பது. மற்றொன்று உள்ளே என்று சுட்டுவது. தீமூட்டு என்று பொருள்படும் ‘இன்ஃபிளேம்’ இரண்டாவது வகையில் பிறந்தது. அதிலிருந்து வந்த ‘இன்ஃபிளேமபிள்’தான் மூத்த சொல். ‘ஃபிளேமபிள்’ 1813-இல் ஒரு லத்தீன் நூலின் மொழிபெயர்ப்பில் தலைகாட்டியது. அதன்பின் நூறாண்டுக்கு மேல் அதை யாரும் பெரிதாகச் சீண்டவில்லை. 1920-களில் அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம்தான் அதைத் தூசு தட்டி எடுத்தது. ‘இன்’ என்பதைப் பார்த்துவிட்டு, இது எரியாது என்று யாராவது நம்பிவிட்டால் என்ன ஆகும் என்ற கவலை அதற்கு. பிரிட்டிஷ் தரநிர்ணய அமைப்பும் 1959-இல் அதே முடிவுக்கு வந்து, ‘ஃபிளேமபிள்’, ‘நான்-ஃபிளேமபிள்’ என்ற ஜோடியையே பயன்படுத்தச் சொன்னது.

வேடிக்கை என்னவென்றால், அதே 1959-இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘தி எலிமென்ட்ஸ் ஆஃப் ஸ்டைல்’ என்ற புகழ்பெற்ற நடைக் கையேடு நேர்மாறாகத் தீர்ப்பு சொன்னது. லாரிகளில் ‘ஃபிளேமபிள்’ என்று எழுதுவது குழந்தைகளுக்காகவும் எழுத்தறியாதவர்களுக்காகவும்தான். அந்தக் கவலை இல்லாதவர்கள் ‘இன்ஃபிளேமபிள்’ என்றே எழுதலாம் என்பது அதன் கருத்து. படித்தவர்கள் இப்படி முகம் சுளிப்பது எந்த மொழிக்கும் புதிதல்ல. ஆனால் இந்தச் சொல்லில் ஏமாறுபவர் எழுத்தறியாதவர் அல்ல. அவர் லேபிளைப் படிக்கவே போவதில்லை. அதைப் படித்து, விதியை நினைவில் வைத்து, விதிப்படி பொருள் கொள்பவர்தான் ஏமாறுகிறார்.

தீயும் சொல்லும் சந்திக்கும் இடத்தை நெருங்கிப் பார்த்தவர் பெஞ்சமின் லீ வோர்ஃப். மொழியியலாளராக அறியப்படும் இவருக்குச் சோறு போட்டது ஹார்ட்ஃபோர்டில் ஒரு தீ காப்பீட்டு நிறுவனத்தில் பார்த்த ஆய்வாளர் வேலை. அவர் ஆய்வு செய்த இடங்களில், பெட்ரோல் நிரம்பிய பீப்பாய்களுக்குப் பக்கத்தில் தொழிலாளர்கள் ஜாக்கிரதையாக இருந்தார்கள். ‘காலி’ என்று சொல்லப்பட்ட பீப்பாய்களுக்குப் பக்கத்திலோ சிகரெட் பிடித்தார்கள். உண்மையில் காலிப் பீப்பாய்தான் அதிக ஆபத்து. அதற்குள் வெடிக்கக்கூடிய ஆவி நிறைந்திருக்கும். ஒரு சொல் மனிதனின் கையை எப்படி நடத்துகிறது என்பதற்கு வோர்ஃப் காட்டிய உதாரணம் அது.

சாயல் ஒன்றாக இருக்கும் எல்லாச் சொற்களையும் பிடித்து உலுக்க வேண்டியதில்லை. ‘எகனாமிக்’ என்றால் பொருளாதாரம் சார்ந்தது, ‘எகனாமிக்கல்’ என்றால் சிக்கனமானது. மாநிலங்களவைக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடப்பது ‘பையென்னியல்’ தேர்தல். ஆண்டுக்கு இருமுறை என்றால் அது ‘பையானுவல்’. இதையெல்லாம் மாற்றி எழுதினால் ஆசிரியர் திட்டுவார், அவ்வளவுதான்.

மருத்துவத்தில் அப்படி விட்டுவிட முடியாது. ‘ஹைப்போ’ என்றால் குறைவு, ‘ஹைப்பர்’ என்றால் மிகுதி. இரண்டும் கிரேக்க வரவு. ரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்து வியர்த்துக் கை நடுங்குபவருக்கு உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும். எகிறிப்போனவருக்கு இன்சுலின் தேவைப்படலாம். இரண்டையும் மாற்றிச் செய்தால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் ‘சுகர் இறங்கிடுச்சு’ என்று சொல்லும்போது வராத சந்தேகம், டிஸ்சார்ஜ் சீட்டில் ஓரிரு எழுத்துகளை நம்பி நிற்கும்போது வந்துவிடுகிறது.

மருந்துப் பெயர்களிலும் இதே கதைதான். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ‘லோசெக்’, சிறுநீரைப் பெருக்கும் ‘லேசிக்ஸ்’ இரண்டும் குழம்பியதால், 1990-இல் அமெரிக்காவில் முதல் மருந்தின் பெயரையே ‘பிரைலோசெக்’ என்று மாற்றினார்கள். மருந்தாளர்களும் நர்சுகளும் இன்னும் கவனமாகப் படிக்கட்டும் என்று சொல்லிக் கைகழுவியிருக்கலாம். செய்யவில்லை. பெயரை மாற்றியதுதான் சரியான வழி.

மறுபடி தீக்கு வருவோம். தீப்பற்றும் பொருட்களுக்காக இந்தியாவில் 1952-இல் வந்த சட்டத்தின் பெயரே ‘இன்ஃபிளேமபிள் சப்ஸ்டன்சஸ் ஆக்ட்’. ஆனாலும் டேங்கர் விஷயத்தில் பெரிய பயம் இல்லை என்று வாதிடலாம். பெட்ரோல் எரியும் என்பது ஊருக்கே தெரியும், தீயணைப்பு வீரருக்கு வண்டியில் ஒட்டிய பலகையில் 1203 என்ற ஐ.நா. எண்ணே போதும். பெயின்ட் தின்னர், சானிடைசர், நெயில் பாலிஷ் ரிமூவர் ஆகியவற்றின் கதை வேறு. இவை அடுப்புக்குப் பக்கத்திலேயே வைக்கப்படுகின்றன; எச்சரிக்கையோ டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில். தமிழ்நாட்டில் விற்கும் டப்பாக்களின் முன்பக்கத்தில், பிராண்டு பெயருக்குக் கீழேயே ‘எளிதில் தீப்பிடிக்கும்’ என்று அச்சடிக்கச் சொல்லி அரசு ஆணையிடலாம். கூடவே ஒரு தீச்சுடர் படம். மருத்துவமனைகளும் டிஸ்சார்ஜ் சீட்டில் ‘சர்க்கரை குறைந்தது’, ‘சர்க்கரை கூடியது’ என்று ஒரு வரி தமிழில் சேர்த்து எழுதலாம்.