அடங்காத பிள்ளை

அக்கா மகன் நாலாவது படிக்கிறான். பத்து நிமிஷம் ஒரு இடத்தில் உட்கார மாட்டான். மணியடித்தால் காதைப் பொத்திக்கொண்டு கத்துவான். பக்கத்தில் இருப்பவனைக் கடிப்பான். அவலூர்பேட்டைப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னார்கள்: "இவனால மத்த புள்ளைங்க படிப்பு கெடுதும்மா. டிசி வாங்கிக்கினு போயிடு. காலனிப் பசங்களே இப்படித்தான்."

அந்தக் கடைசி வார்த்தையைக் கவனியுங்கள், தோழர்களே. ஊர்த்தெருப் பிள்ளை கடித்தால் டாக்டரிடம் காட்டச் சொல்வார்கள். நம் பிள்ளை கடித்தால் அது சாதிக்குணம். சாத்தாராவில் சிறுவன் அம்பேத்கர் அடங்கித்தான் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் தனிச் சாக்குதான்.

டிசி கொடுத்து அனுப்ப இவர்களுக்கு அதிகாரமே கிடையாது. 2009 கல்வி உரிமைச் சட்டம், 16ஆம் பிரிவு: எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசம் உட்பட 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. 40 சதவீதம் என்று சான்று பெற்ற பிள்ளைக்கு 18 வயதுவரை இலவசக் கல்வி. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது பிள்ளையின் விருப்பம், பள்ளியின் விருப்பமல்ல. ஆனால் சான்றுக்கு முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்குப் பஸ் மாறி மாறிப் போகணும். அக்காவுக்கு ரெண்டு நாள் கூலி போச்சு.

ஆசிரியை மேல் மட்டும் பழி போட மனமில்லை. ஒரே அறையில் ரெண்டு வகுப்பு நடத்துகிறார். கடிபட்டவனும் நம் தெருப் பையன்தான். அவன் அம்மா அழுததும் நியாயம். தொடக்கப் பள்ளியில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இங்கே வருகிறவர் தொகுப்பூதியத்தில் பல பள்ளிகளுக்கு அலைகிறார். அவர் வந்த ஒருநாள், மணியடிக்கிற வேலையை இவன் கையிலேயே கொடுத்தார். அன்று அவன் கத்தவில்லை. யாரும் கடிபடவும் இல்லை. அடுத்த நாள் அவர் வேறு பள்ளிக்குப் போய்விட்டார்.

நம்ம பக்கத்தையும் பேசணும். பேய் பிடிச்சிருக்கு என்று அக்காவை முதலில் அமாவாசைக்கு மேல்மலையனூருக்கு அனுப்பியது நம் தெருதான். மாலைப் படிப்பகம் நடத்தும் நம் தோழர்களே, "இவன் வந்தா மத்தவன் படிக்க முடியல" என்று திருப்பி அனுப்பினார்கள். நானும் அங்கே இருந்தேன். வாய் திறக்கவில்லை.

அக்கா டிசிக்குக் கையெழுத்துப் போடவில்லை. திங்கட்கிழமை மனுவோடு தலைமையாசிரியரைப் பார்க்கப் போகிறோம். படிப்பகத் தோழர்கள் ரெண்டு பேர் வருகிறேன் என்றிருக்கிறார்கள். படிப்பகத்தில் அவனைச் சேர்ப்பதைப் பற்றி இன்னும் ஒருவரும் பேசவில்லை.