சன்பெட்டில் படுத்தால் வெயிலை விடப் பாதுகாப்பா? லண்டனிலிருந்து வந்த ஒரு கேள்வி

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கும் உம்மாமார் கட்டாயம் வாசியுங்கள்.

இரண்டு கிழமைக்கு முன்னர் நமது குடும்ப வட்ஸ்அப் குழுமத்தில் ஒரு குரல் பதிவு வந்தது. லண்டனில் பராமரிப்பு வேலை செய்யும் நமது ஊர்ப் பிள்ளை ஒருத்தி. “ராத்தா, இங்க மாசக்கணக்கா வெயில் என்ட ஒன்டக் காணல்ல. முழங்கால், இடுப்பெல்லாம் நோகுது. விற்றமின் டி குறைவாம். பக்கத்துக் கடையில சன்பெட் இருக்கு. வெயில விட அது பாதுகாப்பாம், அளவாத்தான் கதிர் வருமாம். போய்ப் படுக்கட்டா?”

ஒரு மாமி “போங்க மகள், வெயில்தானே” என்றார். இன்னொருவர் “அதெல்லாம் வெள்ளைக்காரன்ட வேல, நமக்கெதுக்கு” என்றார். கேட்டவளுக்கு இரண்டிலும் பதில் இல்லை. விஞ்ஞானம் படிப்பிக்கும் நாம் அன்று சுருக்கமாக “வேண்டாம்” என்று போட்டோம். ஏன் வேண்டாம் என்பதை இங்கே எழுதுகிறோம். இதே கேள்வி இன்னும் பல பிள்ளைகளிடம் இருக்கும்.

சன்பெட் என்பது மூடியுள்ள ஒரு கட்டில். கீழும் மேலும் நீளமான மின்குழல்கள் அடுக்கியிருக்கும். உடுப்பைக் கழற்றிவிட்டு உள்ளே படுத்தால் சில நிமிடங்களுக்குக் கதிர் அடிக்கும். வெள்ளைத் தோலைப் பழுப்பாக்குவதற்குச் செய்த இயந்திரம். படத்தைக் காட்டியபோது நமது மாணவன் ஒருவன், “டீச்சர், இது சந்தூக்கா?” என்று கேட்டான். சிரித்தாலும் அவன் கேட்டதில் அர்த்தம் இல்லாமல் இல்லை.

சூரியனிலிருந்து வரும் கதிர்களில் கழியூதாக் கதிரும் ஒன்று. பத்திரிகைகள் புறஊதா என்று எழுதுவதும் இதைத்தான். அதில் ஏ, பீ, சீ என்று மூன்று வகை. சீ வகையை ஓசோன் படை தடுத்துவிடுகிறது. ஏயும் பீயும் நம்மை வந்தடைகின்றன. தோலைச் சிவக்க வைத்து எரிப்பது பெரும்பாலும் பீ. ஏ அவ்வளவாக எரிக்காது, ஆனால் ஆழமாக இறங்கும். தோலைச் சுருங்க வைக்கும், கலத்துக்குள் இருக்கும் டீ.என்.ஏ.யையும் கெடுக்கும். பெரும்பாலான சன்பெட்கள் பிரதானமாக உமிழ்வது இந்த ஏயைத்தான். சக்தி கூடிய இயந்திரங்களில் ஏயின் செறிவு மத்தியதரைக் கடலோரத்து நண்பகல் வெயிலை விட 10 முதல் 15 மடங்கு வரை போகலாம்.

“அளவாத்தான் வரும்” என்று கடைக்காரர் சொல்வது முழுப்பொய் அல்ல. இயந்திரத்தில் நேரம் வைக்கும் கருவி இருக்கிறது. ஆனால் அது எண்ணுவது நிமிடங்களை மட்டுமே. உள்ளே படுத்திருப்பவரின் தோல் எப்படிப்பட்டது, அவர் நேற்று எவ்வளவு நேரம் வெயிலில் நின்றார் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அளந்து கொடுத்தால் நஞ்சும் மருந்தாகும் என்பது டொக்டர் கையில் இருக்கும்போது சரி. இங்கே அளப்பவர் காசு வாங்கும் கடைக்காரர்.

இன்னொரு விசயம். வெயிலில் தோல் எரிகிறதே, அது தோல் அடிக்கும் மணி. “போதும், நிழலுக்குப் போ” என்கிறது. எரிக்காமல் பழுப்பாக்குவது என்பது அந்த மணியின் நாக்கைக் கட்டிவிடுவதுதான். பழுப்பு நிறம் சுகத்தின் அடையாளமும் அல்ல. கலங்கள் அடிபட்ட பிறகு, இனியாவது தடுப்போம் என்று தோல் விரிக்கும் சிறிய குடை அது. விடுமுறைக்குப் போகும் முன் சன்பெட்டில் கொஞ்சம் கறுத்துக்கொண்டால் பிறகு வெயில் சுடாது என்று ஐரோப்பாவில் ஒரு நம்பிக்கை உண்டு. அந்தப் பழுப்புத் தரும் பாதுகாப்பு மிகச் சொற்பம். சீசனில் அறுகம்பையில் வந்திறங்கி இரண்டாம் நாளே இறால் போலச் சிவந்து நிற்பவர்களை நமது முச்சக்கரவண்டித் தம்பிமார் எத்தனை முறை மருந்துக் கடைக்கு ஏற்றிப் போயிருப்பார்கள்!

நியாயமான ஒரு மறுப்பும் இருக்கிறது. வெயிலும் புற்றுநோய் தருவதுதானே? ஆம். உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் சூரியக் கதிர்வீச்சை 1992இலேயே முதலாம் தொகுதியில் சேர்த்துவிட்டது. சன்பெட் அதே தொகுதிக்கு 2009இல் வந்தது. புகையிலை இருக்கும் தொகுதி அது. (முதலாம் தொகுதி என்றால் எல்லாம் ஒரே அளவு ஆபத்து என்பதல்ல, புற்றுநோய் தரும் என்பதில் சந்தேகமில்லை என்பதே பொருள். பத்திரிகைக்காரர் இதை அடிக்கடி குழப்புகிறார்கள்.)

அப்படியானால் இரண்டும் ஒன்றா? நமது கருத்தில் இல்லை. வெயிலுக்குக் காலை இருக்கிறது, பின்னேரம் இருக்கிறது, மேகம் இருக்கிறது, மரத்தடி இருக்கிறது. நாம் அதில் நடக்கிறோம், குனிகிறோம், முதுகைத் திருப்புகிறோம். வயலும் கடலும் நமது தொழில், வெயிலைத் தவிர்த்து வாழவும் முடியாது. சன்பெட்டுக்கு நண்பகல் மட்டும்தான் தெரியும். சாதாரணமாக வெயிலே படாத வயிறு, முதுகு, தொடை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அதன் முன் கொண்டுபோய் வைக்கிறோம். வெயில் பட்டது போதாதென்று, காசு கொடுத்து வாங்கும் மேலதிக ஆபத்து இது. 35 வயதுக்கு முன் தொடங்குபவர்களுக்கு மெலனோமா என்ற கொடிய தோல் புற்றுநோயின் ஆபத்து அரைவாசிக்கும் மேல் கூடுவதாக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டார்கள். அமெரிக்கா, ஐரோப்பா, அவுஸ்திரேலியா மூன்றையும் சேர்த்தால் சன்பெட்டினால் வருடந்தோறும் 10,000க்கு மேற்பட்ட மெலனோமாக்களும், 4,50,000க்கு மேற்பட்ட ஏனைய தோல் புற்றுநோய்களும் வருவதாக உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டிருக்கிறது.

இவை பெரும்பாலும் வெள்ளைத் தோல் உடையவர்களின் கணக்கு. நமது தோலில் இயற்கையாகவே இருக்கும் மெலனின் நமக்கு நல்ல காவல், ஆகவே நமது ஆபத்து குறைவு. இதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் குறைந்த ஆபத்தையும் எதற்காக வாங்க வேண்டும்? அந்தப் பிள்ளைக்குக் கறுக்க ஆசையில்லை. அவளுக்கு வேண்டியது விற்றமின் டி.

அதைத் தோலில் உண்டாக்குவது பீ வகைக் கதிர். கடை விற்பது பிரதானமாக ஏ. சில இயந்திரங்களில் பீயும் போதியளவு வரும், விற்றமின் அளவு உயரவும் கூடும். ஆனால் அதே பலனை ஒரு சிறிய குளிசை தருகிறது, புற்றுநோய் ஆபத்து இல்லாமல். பிரித்தானியாவில் ஒக்டோபரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை வெயிலில் விற்றமின் டி உண்டாகும் அளவுக்குக் கதிர் இல்லை. அதனால் அக்காலத்தில் எல்லோரும் தினமும் 10 மைக்ரோகிராம் எடுப்பதைப் பற்றி யோசிக்கும்படி அங்குள்ள சுகாதாரத்துறை சொல்கிறது. கறுத்த, பழுப்புத் தோல் உள்ளவர்களுக்கும், உடலின் பெரும்பகுதியை மூடி உடுப்பவர்களுக்கும், அதிகமாக வீட்டுக்குள்ளேயே இருப்பவர்களுக்கும் வருடம் முழுவதும் அதே ஆலோசனை. ஆகவே பிள்ளையே, ஹிஜாபைப் பற்றிக் கடையில் யாராவது ஒரு மாதிரிக் கதைத்தால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். குளிசையை எடுங்கள், மீன் சாப்பிடுங்கள். நோவு தொடர்ந்தால் டொக்டரைக் காணுங்கள். இடுப்பு நோவெல்லாம் விற்றமின் குறைவால் வருவதல்ல, நோயாளிகளைத் தூக்கும் வேலையாலும் வரும்.

“ஆஸ்பத்திரியிலும் லைட் பிடிக்கிறார்கள்தானே?” என்று ஒரு சாச்சி கேட்டார். மஞ்சள் காமாலை உள்ள பச்சைப் பிள்ளைக்குப் பிடிப்பது நீல ஒளி, கழியூதா அல்ல. வெண்புள்ளிக்கும் சொரியாசிசுக்கும் கழியூதா பிடிப்பதுண்டு. அதில் பீ வகையின் ஒரு குறுகிய பகுதியை மட்டும் எடுத்து, நோயை எடைபோட்டு, நாள் குறித்துக் கொடுக்கிறார்கள். அதையும் கடைக் கட்டிலையும் ஒன்றாக வைக்க முடியாது.

அரசாங்கங்கள் சும்மா இருக்கவில்லை. அழகுக்காகச் சன்பெட் பாவிப்பதை பிரேசில் 2009இல் முழுதாகத் தடை செய்தது. இங்கிலாந்தில் 2010ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயதுக்குக் குறைந்தவர்களைத் தடுக்கிறது. அமெரிக்காவில் இந்தத் தொழிலின் சங்கமே “புற்றுநோய் ஆபத்து இல்லை” என்ற வகையில் விளம்பரம் செய்தது. 2010இல் அந்நாட்டு வர்த்தக ஆணைக்குழு தலையிட்டு அப்படிச் சொல்வதை நிறுத்த வைத்தது. அவுஸ்திரேலியாவில் கிளேர் ஒலிவர் என்ற இளம் பெண் மெலனோமாவால் சாகும் தறுவாயில் சன்பெட்டுக்கு எதிராகப் பகிரங்கமாகப் பேசினார். 2007இல் 26 வயதில் இறந்தார். பிறகு மாநிலம் மாநிலமாகத் தடை வந்து, 2016 தொடக்கத்தோடு அந்நாட்டில் காசுக்குச் சன்பெட் விடுவது முடிந்தது. வெயிலுக்குப் பேர்போன நாடு கடற்கரையை மூடவில்லை, கட்டிலைத்தான் மூடியது.

இதை வாசித்து “வெள்ளைக்காரனுக்குப் பைத்தியம்” என்று சிரிக்க வேண்டாம். அவர்கள் கறுக்கக் காசு கொடுக்கிறார்கள், நாம் வெளுக்கக் காசு கொடுக்கிறோம். கலியாணம் பேசும் வீட்டில் இன்னும் முதல் கேள்வி “பிள்ளை கலரா?” என்பதுதான். நமது பென்சிக் கடைகளில் உற்பத்தி செய்தவர் முகவரி இல்லாத டப்பாக்கள் கிடக்கின்றன. அப்படிப்பட்ட கிறீம்கள் பலவற்றில் இரசம் இருப்பதைப் பல நாடுகளின் பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. இரசம் தோலில் மெலனின் உண்டாவதைத் தடுக்கிறது, அதனால்தான் “ஒரு கிழமையில் கலர்”. அதே இரசம் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. அல்லாஹ் போட்டுத் தந்த காவலைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே பிள்ளையை நமது நண்பகல் வெயிலில் பாடசாலையிலிருந்து நடக்க விடுகிறோம். வகுப்பில் முகம் உரிந்து, ஜன்னலோரம் உட்காரப் பயந்து இடம் மாற்றிக் கேட்கும் பிள்ளைகளை நாம் காண்கிறோம். கேட்டால் “மாமி வாங்கித் தந்தது” என்பார்கள்.

நமது தோலுக்குக் காவல் இருக்கிறது, கண்ணுக்கு அவ்வளவு இல்லை. கடல் தொழில் செய்யும் வாப்பாமாரின் கண்ணோரத்தில் சதை வளர்ந்து கருவிழியை நோக்கிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். கண்புரையிலும் வெயிலுக்குப் பங்கிருக்கிறது. அகன்ற தொப்பியும் நல்ல கறுப்புக் கண்ணாடியும் அவர்களுக்கு ஆடம்பரம் அல்ல.

பிள்ளைகளுக்கு ஒரு இலகுவான கணக்கு சொல்லிக் கொடுத்திருக்கிறோம். உங்கள் நிழல் உங்களை விடக் கட்டையாக இருந்தால் கதிர் கடுமை. நமது ஊரில் அது ஏறக்குறைய காலை 9 மணி முதல் பின்னேரம் 3 மணி வரை. அவுஸ்திரேலியாவில் பல ஆரம்பப் பாடசாலைகளில் தொப்பி இல்லாத பிள்ளைக்கு மைதானம் இல்லை என்று ஒரு விதியே இருக்கிறது. நாமோ இல்ல விளையாட்டுப் போட்டிக்கு அணிநடையை 11 மணிக்குப் பழக்குகிறோம்.

அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பயிற்சி நேரத்தை மாற்றுவது பற்றிக் கேட்க இருக்கிறோம். பெற்றோர் வந்தால் பேச இலகு. மைதானத்தின் மேற்குப் பக்கத்தில் மரம் வெட்டிய இடம் வெறுமையாகக் கிடக்கிறது, யாரிடமாவது வேப்பங்கன்று இருந்தால் கீழே சொல்லுங்கள். ஏழெட்டு இருந்தால் போதும்.