பாட்டி குரலுக்கு எதுக்குய்யா பூட்டு?

ஊரில் பாட்டி பேசியதை மினிடிஸ்க்கில் பதிந்து, பெங்களூருக்குக் கொண்டுவந்து பரணில் வைத்திருக்கும் மக்களே! 2001இல் வந்த நெட்எம்டியில் யூஎஸ்பி உண்டு. பாட்டை உள்ளே அனுப்ப மட்டும். நாமே மைக்கில் பதிந்ததை வெளியே எடுக்க சோனி விடவில்லை. பாட்டுத் திருட்டைத் தடுக்கிறார்களாம்! பாட்டி பேச்சுக்கு எவர் காப்புரிமை கேட்டார்? பழைய டிஸ்க்குகளுக்கு 2006இல் எம்இசட்-ஆர்ஹெச்1 வந்தபிறகே கதவு திறந்தது. 2025 பிப்ரவரியில் வெற்று டிஸ்க் தயாரிப்பையும் நிறுத்தியாச்சு.

அந்தக் கருவியைத் தேடி அலையாதீங்க. ஹெட்போன் துளையிலிருந்து கணினியின் லைன்-இன்னுக்கு 3.5 மி.மீ. ஸ்டீரியோ ஒயர், ஆடாசிட்டியில் பதிவு, அவ்வளவுதான். லேப்டாப்பில் லைன்-இன் இல்லையா? எஸ்.பி. ரோட்டில் யூஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்குங்க. 74 நிமிடப் பேச்சுக்கு 74 நிமிடம் ஆகும். ஆகட்டுமே! பாட்டி திரும்பப் பேசப் போவதில்லை.